தாழைக்கோட்டை ஜமீனின் மூத்த மகள்

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் நாங்கள் வேலை பார்க்கும் கார்கோ ஆபீசில் ஜைனப் தப்பு செய்து நான் பார்த்ததே கிடையாது. பதினெட்டு வருஷமாக எனக்குப் பக்கத்து மேசை. விமானத்தில் சரக்கோடு போகும் காகிதங்களைச் சரிபார்ப்பது எங்கள் வேலை. அனுப்புகிறவர் பெயரில் ஓர் எழுத்து இடறியிருந்தாலும், எடையில் ஒரு கிலோ கூடியிருந்தாலும், "ரத்தினக்கா, இதைப் பாருங்க" என்று பேனாவால் என் மேசையைத் தட்டுவாள். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். நான் பார்த்து அனுப்பியதைத்தான் எப்போதும் தட்டுவாள்.

அப்படிப்பட்டவள் தான் எழுதிய கதையில் மட்டும் ஒரு பெரிய தப்பு செய்தாள். அந்தத் தப்பால் கூடப்பிறந்த தங்கையை இழந்துவிடுவோமோ என்று ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தாள். கதையை முதலில் படித்தவள் நான். தப்பு என் கண்ணில் பட்டது. பட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆகவே இதில் எனக்கும் பங்கு உண்டு.

ஜைனப்புக்கு நாற்பத்தெட்டு வயது. வீடு பூன் லேயில். கணவர் முகைதீன், படிக்கும் வயதில் இரண்டு பிள்ளைகள். பூன் லேயில் எம்ஆர்டி ரயில் ஏறினால், ஆபீசுக்குப் பஸ் பிடிக்கும் தானா மேரா வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம்தான் அவள் எழுதும் நேரம். சீட்டு கிடைத்தால் உட்கார்ந்து, கிடைக்காவிட்டால் கம்பியில் சாய்ந்துகொண்டு, கட்டைவிரலால் போனில் எழுதிக்கொண்டே வருவாள். 'மகிழம்பூ' என்ற புனைபெயரில் ஒரு கதை ஆப்பில் வியாழன்தோறும் ஓர் அத்தியாயம். எல்லாம் சரித்திரக் காதல் கதைகள். பல்லக்கு, அந்தப்புரம், குதிரை. "நீ குதிரையைக் கிட்டத்தில பாத்திருக்கியா?" என்று கேட்பேன். "கிராஞ்சி பக்கம் பஸ்ல போறப்ப பாத்தேன்லா" என்பாள்.

வீட்டில் ஒருவருக்கும் இது தெரியாது. ஏன் மறைக்கிறாள் என்று எனக்குப் புரிந்ததில்லை. கள்ளக்கடத்தலா செய்கிறாள்? கதைதானே.

போன வருஷம் ஆரம்பித்ததுதான் 'தாழைக்கோட்டை ஜமீன்'. நூற்று முப்பது வருஷத்துக்கு முந்திய கதை. ஜமீன்தாருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் பவளவல்லி, இளையவள் மரகதவல்லி. இளையவள் கல்யாண மேடையில், தாலி கட்டப்போகும் நேரத்தில், ஊரே பார்த்திருக்க, "எனக்குச் சம்மதம் இல்லை" என்று எழுந்துவிடுகிறாள். அதோடு அரண்மனையின் மானம் கப்பலேறுகிறது. மரகதவல்லிக்குக் கள்ளக்காதலன் இருப்பதாக ஊர் பேசுகிறது. உறவுகள் விலகுகின்றன, ஜமீன்தார் படுத்த படுக்கையாகிறார். நிலம் அளக்க வந்த சந்திரசேகரன் என்ற இளம் அதிகாரி மட்டும் அவளை நம்புகிறான். அவனும் மரகதவல்லியும் தாழம்புதர் ஓரமாகப் பேசிக்கொள்ளும் அத்தியாயங்களை நான் ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்து படித்து, சிரித்து, மீ கோரெங் நூடுல்ஸ் ஆறிப்போக விட்டிருக்கிறேன்.

இளையவள் ஏன் மறுத்தாள் என்பது மூத்தவளுக்கு மட்டும் தெரியும். மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் ஏற்கெனவே மனைவி இருக்கும் சேதி பவளவல்லி கைக்குத்தான் முதலில் வந்தது. அவள் அதை ஒளித்து வைத்து, முகூர்த்தத்தன்று விடியற்காலையில்தான் தங்கையிடம் சொன்னாள். பிறகு சபையில் வாயைத் திறக்கவில்லை. நாற்பத்தொன்றாம் அத்தியாயத்தில், பல வருஷம் கழித்து, பவளவல்லி தர்பார் மண்டபத்தில் எல்லார் முன்னாலும் நின்று "குற்றம் என்னுடையது" என்று சொல்கிறாள். அந்த ஓர் அத்தியாயத்தை மூவாயிரம் பேர் படித்தார்கள். அழுதேன், அழுதேன் என்று கீழே பின்னூட்டம் குவிந்தது. எழுதியவளும் ரயில் பாய லேபார் தாண்டும்போது அழுதாளாம். பக்கத்தில் நின்ற சீனக் கிழவர் டிஷ்யூ பேப்பர் கொடுத்தாராம்.

இனி அந்தத் தப்பு. இந்து ஜமீன் என்று எழுதிவிட்டு, அந்த அரண்மனையில் கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்குக் குடிவருகிறார். பெரிய மாளிகை மூத்த மகள் பேரில், பக்கத்து மாளிகை இளைய மகள் பேரில். ஜமீன்தாரின் மகனோ மனைவி வீட்டுக்குப் போய்விடுகிறான்! எங்கள் ஆட்களில் பெண் வீட்டோடு தங்கும் மாப்பிள்ளையை உயிரோடு விடுவார்களா? கிண்டல் பண்ணியே கொன்றுவிடுவார்கள். படிக்கும்போதே எனக்கு இடித்தது. அந்தக் காலத்து ஜமீனில் அப்படியும் இருந்திருக்கலாம், நமக்கென்ன, நில அளவைக்காரன் எப்போது வருவான் என்று பக்கத்தைத் தள்ளிவிட்டேன். ஜைனப்புக்கோ அது தப்பு என்றே தெரியவில்லை. அவள் பரம்பரை கீழக்கரை. அவர்கள் வீட்டில் பெண்ணுக்கு வீடு, மாப்பிள்ளை பெண் வீட்டில். பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம். உலகமே அப்படித்தான் என்று கை தானாக எழுதிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை, முகமெல்லாம் வெளுத்து ஆபீசுக்கு வந்தாள். பையைக்கூட இறக்காமல் போனை என் முன்னால் நீட்டினாள். அவர்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப். அவளுடைய அண்ணன் ஷாஹித்தின் மகள் ஹனீன், யுனிவர்சிட்டியில் படிக்கிற பெண், கதையின் லிங்கைப் போட்டு எழுதியிருந்தாள்: 'எல்லாரும் கட்டாயம் படிங்க. ஹிந்து ஜமீன்னு சொல்றாங்க, ஆனா மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்கு வர்றாரு, வீடு பொண்ணுக்குத்தான். கன்ஃபர்ம் நம்ம ஊர் ஆளு எழுதுனது. அதைவிட, சின்ன மாமி கதை மாதிரியே இல்ல?'

"சின்ன மாமி யாரு?" என்றேன்.

"என் தங்கச்சி ரபியா."

"அப்ப உன் கதை..."

"ஆமாக்கா." நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் பவளவல்லி."

மத்தியானம் கேன்டீனில் எல்லாவற்றையும் சொன்னாள். அவளுடைய வாப்பா நாகூர் கனிக்கு டன்லப் ஸ்திரீட்டில் ஜவுளிக் கடை. ஜமீன் இல்லைதான். ஆனால் லிட்டில் இந்தியாவில் கனி வீட்டுக்காரர்கள் என்றால் ஒரு மரியாதை. நாலு குடும்பத்தில் வழக்கு என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ரபியாவுக்கு நிக்காஹ். நிக்காஹ்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பினாங்கிலிருந்து வீட்டுக்கு ஒரு பெண் போன் செய்தாள். மாப்பிள்ளை தன் புருஷன், தனக்கு ஒரு பிள்ளை இருக்கிறது என்றாள். போனை எடுத்தது ஜைனப்.

அந்தச் சம்பந்தத்தைக் கொண்டு வந்தது ஜைனப்பின் கணவர் முகைதீன். பத்திரிகை வைத்தாகிவிட்டது. வெளியே சொன்னால் புருஷன் தலை குனியும். பொய்யாக இருந்தால்? உண்மையாக இருந்தால்? ஒரு வாரம் யாரிடமும் சொல்லாமல் திரிந்தாள். நிக்காஹ் அன்று காலையில், மருதாணிக் கையோடு உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்க்கப் பொறுக்காமல் சொல்லிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் வாப்பாவும், அண்ணன் ஷாஹித்தும், இரண்டு சாட்சிகளும் சம்மதம் கேட்க அந்த அறைக்குள் வந்தார்கள். ரபியா முடியாது என்றாள். ஏன் என்று வாப்பா கேட்டார். அவருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது என்றாள். யார் சொன்னது என்றார் வாப்பா. ரபியா அக்காவைப் பார்த்தாள்.

"நான் தரையைப் பாத்தேன் ரத்தினக்கா. அந்தக் கார்பெட்ல என்ன பூ இருந்துச்சின்னு இப்பக்கூடச் சொல்லுவேன்."

மாப்பிள்ளை வீட்டார் குர்ஆன் மேல் சத்தியம் என்று கத்தினார்கள். ரபியாவிடம் எந்த ஆதாரமும் இல்லை. பிறகு ஊர் பேசியது கதையில் உள்ளதுதான். அண்ணன் ஷாஹித் அன்றோடு தங்கையிடம் பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டு வருஷத்தில் வாப்பா இறந்தார், அந்தப் பழியும் ரபியா தலையில் விழுந்தது. அவள் தனியாகக் காத்தோங்கில் குடிபோய், ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். ஜைனப் மட்டும் இரண்டு ஞாயிறுக்கு ஒரு ஞாயிறு அண்ணனுக்குத் தெரியாமல் போய்ப் பார்ப்பாள். சேர்ந்து சமைப்பார்கள், ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் நடப்பார்கள். அந்தக் காலையைப் பற்றிப் பதினான்கு வருஷத்தில் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது, மறைப்பானேன். "ஏம்மா, அவ வாழ்க்கையையும் கெடுத்துட்டு, அதையே வாராவாரம் கதையாவும் போட்டியா?" என்றேன்.

அவள் கண் நிறைந்தது. "வேற எங்கக்கா சொல்வேன்? அவகிட்ட சொல்லத் துணிச்சல் இல்ல. ஜமீன், அரண்மனைன்னு மாத்திட்டா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். அவ மட்டும் கதவைச் சாத்திட்டா எனக்குன்னு யாரு இருக்கா?"

கேட்டதும் என் கோபம் பாதியாகிவிட்டது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

அந்த வாரம் நரகம். குரூப்பில் அண்ணன் ஷாஹித், அவள் பேச்சில் காக்கா, ஹனீனின் செய்தியைப் பார்த்துவிட்டார். நீலக் கோடு விழுந்துவிட்டது, பதில் இல்லை. "காக்கா ஒண்ணும் சொல்லலயே, ஏன் ஒண்ணும் சொல்லல?" என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஜைனப் போனைத் திறந்து பார்ப்பாள். கதையை ஆப்பிலிருந்து அழித்துவிடவா என்பாள். அழித்தால் நீதான் எழுதினாய் என்று நீயே சொன்ன மாதிரி ஆகிவிடும் என்பேன். அழிக்கவில்லை என்றால் படித்துவிடுவார்களே என்பாள். இப்படியே மாற்றி மாற்றி. புதன்கிழமை, டாக்காவுக்குப் போக வேண்டிய மருந்துப் பெட்டிகளின் காகிதத்தில் ஜகார்த்தா என்று போட்டிருந்தாள். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக நான் பேனாவால் அவள் மேசையைத் தட்டினேன். எவ்வளவு நாளாக ஆசைப்பட்ட தட்டல், தட்டும்போது துளி சந்தோஷமும் இல்லை.

வியாழக்கிழமை வரவேண்டிய அத்தியாயம் வரவில்லை. மரகதவல்லிக்கு என்ன ஆச்சு என்று வாசகர்கள் சண்டை போட்டார்கள். வெள்ளிக்கிழமை ஹனீனிடமிருந்து தனியாக ஒரு செய்தி: 'பெரிய மாமி, லிங்கை சின்ன மாமிக்கும் அனுப்பிட்டேன். செம்ம கதைல்ல? அப்பாகிட்ட சொல்லாதீங்க.' அதற்கு அரை மணி நேரம் கழித்து ரபியாவிடமிருந்து: 'ஞாயித்துக்கிழமை வா லாத்தா. பேசணும்.' லாத்தா என்றால் அவர்கள் வீட்டில் அக்கா.

"எப்பவும் ஒரு பூப் படமாவது போடுவா," என்றாள் ஜைனப். "நீங்களும் வாங்கக்கா. தனியாப் போக என்னால முடியாது."

அக்காள் தங்கை விஷயத்தில் எனக்கு என்ன வேலை? ஆனாலும் போனேன். முதலில் சிலோன் ரோட்டில் செண்பக விநாயகர் கோயிலுக்குள் போய், ஜைனப்புக்காக ஒரு சிதறுகாய் போட்டேன். அவள் வெளியே மர நிழலில் நின்று உதடு அசைய ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் மனு கொடுத்தாகிவிட்டது என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

ரபியாவின் வீடு மூன்றாம் மாடி. கதவைத் திறந்தவளை அப்போதுதான் முதல் தடவை பார்த்தேன். நாற்பத்தொரு வயது, அக்காவின் அதே மூக்கு. "வாங்கக்கா, உங்களைப் பத்தி லாத்தா சொல்லியிருக்காங்க" என்று எனக்கு மரியாதையாகச் சொல்லிவிட்டு, டீயும் குவே லாப்பிஸ் கேக்கும் கொண்டு வந்து வைத்தாள். ஒருவரும் தொடவில்லை.

"நாப்பத்தொரு அத்தியாயமும் படிச்சேன்," என்றாள் ரபியா. "லீவு போட்டுப் படிச்சேன்."

ஜைனப் தலையைக் குனிந்துகொண்டாள். "மன்னிச்சிடு. அழிச்சிடறேன். இன்னிக்கே அழிச்சிடறேன்."

"எதுக்கு அழிக்கணும்? நல்லா எழுதியிருக்கே. அந்தச் சந்திரசேகரனை மட்டும் எங்க பாத்தேன்னு சொல்லு, நானும் போய்ப் பாக்கறேன்." சிரித்தாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அடுத்த நிமிஷமே அந்தச் சிரிப்பு போய்விட்டது. "பவளவல்லி மண்டபத்தில எழுந்து நிக்கிற இடத்தில நானும் அழுதேன் லாத்தா. பாவம், எவ்வளவு தைரியம் அவளுக்கு. மூவாயிரம் பேரு படிச்சிருக்காங்க. மூவாயிரம் பேருக்குச் சொல்லிட்டே. காக்கா ஒருத்தருக்குச் சொல்லலயே."

நான் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகவும் முடியவில்லை.

"நீ வர்ற ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இன்னிக்குச் சொல்வே, இன்னிக்குச் சொல்வேன்னு பாத்தேன். மீன் வாங்குனதைச் சொல்வே, பிள்ளைங்க பரீட்சையைச் சொல்வே. நானாக் கேட்டா நீ வர்றதையும் நிறுத்திடுவியோன்னு பயமா இருந்துச்சு. எனக்குன்னு வர்றது நீ ஒருத்திதானே."

இருவரும் ஒரே பயத்தில் பதினான்கு வருஷம் ஓட்டியிருக்கிறார்கள்! தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

ஜைனப் பையிலிருந்து போனை எடுத்தாள். குடும்பக் குரூப்பைத் திறந்தாள். தினமும் ரயிலில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளும் அந்தக் கட்டைவிரல் ஒரு வரிக்குத் தடுமாறியது. எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள்.

"எழுதாதே," என்றாள் ரபியா. "எழுதுனது போதும். வாயால சொல்லு."

"முகைதீன் என்ன சொல்வாரோ..."

"பாத்தியா?" என்றாள் ரபியா. அவ்வளவுதான் சொன்னாள்.

ஜைனப் அண்ணனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்து மேசைமேல் வைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் போனால் தேவலை என்றுகூட நினைத்தேன்.

"என்ன ஜைனப்?" கனமான குரல்.

"காக்கா, ரபியா நிக்காஹ்வுக்கு ஒரு வாரம் முன்னாடி பினாங்குலேர்ந்து ஒரு பொண்ணு போன் பண்ணா. மாப்பிள்ளை அவ புருஷன்னு சொன்னா. எடுத்தது நான். அன்னிக்குக் காலையில ரபியாகிட்ட சொன்னதும் நான்தான். வாப்பா கேட்டப்ப நான் வாயைத் திறக்கல. சம்பந்தம் பேசுனது எங்க வீட்டவரு, அதனால பயந்துட்டேன். ரபியா மேல ஒரு குத்தமும் இல்ல காக்கா. எல்லாம் நான் செஞ்சது."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். லைன் போய்விட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். போகவில்லை.

"அந்தக் கதையை ஹனீன் காட்டுனா," என்றார் ஷாஹித் கடைசியில். "நீதான் எழுதுனியா?"

"ஆமா காக்கா."

"படிச்சதிலேர்ந்து எனக்கு வாப்பா ஞாபகமாவே இருக்கு." "ஆஸ்பத்திரியில கடைசி வாரம், நான் போறப்பல்லாம் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாங்க. ஜைனப் ஏதாச்சும் சொன்னாளா, ஜைனப் ஏதாச்சும் சொன்னாளான்னு. எதைப் பத்திக் கேக்கறாங்கன்னு எனக்கு அப்ப வெளங்கல. இல்ல வாப்பா, அவ ஒண்ணும் சொல்லலன்னேன். சாகற அன்னிக்குக்கூட அதான் சொன்னேன்."

ஜைனப் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். உடம்பு குலுங்கியதே தவிரச் சத்தம் வரவில்லை. நான் அவள் முதுகில் கை வைத்தேன். என்ன சொல்லித் தேற்றுவது? தேற்றக்கூடிய விஷயமா இது?

ரபியா அவளைப் பார்க்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல முன்னால் நகர்ந்து, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். தன்னை நம்பாமலேயே வாப்பா போய்விட்டார் என்று பன்னிரண்டு வருஷம் எண்ணிக்கொண்டிருந்தவள்.

"வாப்பா கேட்டாங்களா?" என்றாள். அந்தக் குரல் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். மறுமுனையில் ஷாஹித், "ரபியாவா? ரபியா..." என்று திணறினார்.

ரபியா அக்காவின் கையை வாயிலிருந்து விலக்கி, இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வாப்பா என்ன கேட்டாங்கன்னு காக்காவ இன்னொரு தடவை சொல்லச் சொல்லு லாத்தா. இன்னும் ஒரே ஒரு தடவை."